60 வருடப் பழைய டிரம் செட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? சத்தம் மரத்தில் இருக்கிறதா, நம் காதில் இருக்கிறதா?

உங்கள் லேப்டாப்பில் பாட்டு ரெக்கார்ட் செய்யும் சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தால் அதைத் திறந்து, டிரம் சத்தங்களின் பட்டியலைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். '60ஸ்', 'வின்டேஜ்', 'ட்ரை' என்று ஏதாவது ஒரு பெயர் நிச்சயம் கண்ணில் படும். பக்கத்து ஃப்ளாட்காரர் சண்டைக்கு வராமல் இருக்கட்டும் என்று நீங்கள் வாங்கிய எலெக்ட்ரானிக் டிரம்ஸிலும் இதே கதைதான். நேற்று வந்த சிப் ஒன்று, 60 வருடத்துக்கு முன்னால் சிகாகோவில் யாரோ வளைத்து ஒட்டிய மர வளையத்தைப் போலச் சத்தம் போட முயற்சி செய்துகொண்டிருக்கிறது.

இது கம்ப்யூட்டருக்குள் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963-ல் வாங்கிய முதல் லட்விக் டிரம் செட், 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஜூலியன்ஸ் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கும் மேல் போனது. சரி, அது ரிங்கோ கைபட்டது. ஆனால் யார் வாசித்தார்கள் என்றே தெரியாத, அதே காலத்து, அதே கம்பெனி செட்டையும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிகாகோவில் 1991-லிருந்து இதற்கென்றே ஒரு டிரம் ஷோ நடக்கிறது.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். இன்று ஃபேக்டரியிலிருந்து வரும் டிரம் எல்லா வகையிலும் துல்லியமானது. ஸ்டாண்ட் வழுக்காது, வட்டம் கோணாது, ஸ்க்ரூ தளராது. பழையது இது எல்லாவற்றையும் செய்யும். பிறகு எதற்காக இந்த மோகம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் நிஜம், கற்பனை இல்லை. ஆனால் அது பெரும்பாலும் மரத்தின் வயதில் இல்லை. எப்படிச் செய்தார்கள், எந்த அறையில் எப்படிப் பதிவு செய்தார்கள், அதை நாம் எத்தனை ஆயிரம் தடவை கேட்டுவிட்டோம் என்பதில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பர்ஸுக்கு நஷ்டம்.

எதை 'வின்டேஜ்' என்கிறார்கள்?

கறாரான விதி கிடையாது. வழக்கமாக இந்தச் சொல் குறிப்பது 1930-களிலிருந்து 1970-கள் வரை 4 அமெரிக்கக் கம்பெனிகள் செய்த டிரம்களை. லட்விக், ஸ்லிங்கர்லேண்ட் இரண்டும் சிகாகோ. கிரெட்ச், நியூயார்க்கின் புரூக்ளின். ராஜர்ஸ், ஒஹையோ. 1936 வாக்கில் ஜீன் க்ரூப்பா என்ற ஸ்விங் டிரம்மருக்காக, மேல் தோல், கீழ்த் தோல் இரண்டையும் டியூன் செய்யக்கூடிய டாம்களை ஸ்லிங்கர்லேண்ட் கொண்டுவந்தது. ஒரு பேஸ் டிரம், ஒரு ஸ்னேர், மேலே ஒரு டாம், தரையில் ஒரு டாம் என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு நிலைபெற்றது அந்தக் காலத்தில்தான்.

1957-ல் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை டிரம்மில் கன்றுக்குட்டித் தோல். மழை நாளில் தொங்கும், வெயில் நாளில் விறைக்கும். ரெமோ பெல்லி தொடங்கிய ரெமோ கம்பெனி மைலார் பிளாஸ்டிக்கில் செய்த 'ஹெட்'டை பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது. ஆக, இன்று நாம் 'அறுபதுகளின் சத்தம்' என்று சொல்வது சுத்தமான பழமை ஒன்றும் இல்லை. பழைய மரமும் அன்றைய புத்தம்புதுப் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது அது.

இப்போது 1970-கள், 80-களின் யமஹா, டாமா, பேர்ல் போன்ற ஜப்பானிய செட்டுகளும் இந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. நீங்கள் ஸ்கூல் படித்த காலத்து செட்டை ஒருவர் 'வின்டேஜ்' என்று விற்பதைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

நிறத்துக்காக வாங்கிய செட்

லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் 'டிரம் சிட்டி' என்று ஒரு கடை. உரிமையாளர் ஐவர் ஆர்பிட்டர். 1963-ல் அங்கே போன ரிங்கோ, 'ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல்' என்ற, சிப்பியின் உட்புறம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக மின்னும் ஒரு பூச்சைப் பார்த்து மயங்கித்தான் லட்விக் செட்டைத் தேர்ந்தெடுத்தார். இன்று எந்தச் சத்தத்துக்காக ஜனங்கள் தவம் கிடக்கிறார்களோ, அந்த செட்டை வாங்கியவர் பார்த்தது கலரை!

1964 பிப்ரவரி 9. எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ். சுமார் 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். பேஸ் டிரம்மின் முகத்தில் குழுவின் பெயருக்கு மேலே 'லட்விக்' என்ற பெயரும் பளிச்சென்று இருந்தது. அந்தக் கம்பெனி ஒரு பைசா விளம்பரச் செலவு செய்யாமல் கிடைத்த இடம் அது. மறுநாளிலிருந்து அமெரிக்கப் பையன்கள் எல்லோருக்கும் அதே செட் வேண்டும். சிகாகோ ஃபேக்டரி இரவும் பகலும் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு பொருளாதார விஷயம் இருக்கிறது. தேவை பெருகியதால் லட்விக் ஏராளமாகச் செய்து தள்ளியது. அதனால்தான் இன்றும் அறுபதுகளின் சாதாரண லட்விக் செட் ஒன்றை சில ஆயிரம் டாலருக்கு வாங்க முடிகிறது. 1959-ம் வருட கிப்ஸன் லெஸ் பால் கிட்டார் லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். பழைய கிட்டார் உலகம் முதலீட்டாளர்கள் கைக்குப் போய்விட்டது. பழைய டிரம் உலகம் பெரும்பாலும் இன்னும் வாசிக்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது. என் பார்வையில் இந்த அன்பு நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல், சனிக்கிழமை ராத்திரி கச்சேரிக்கு வேனில் ஏறிப் போகிறது.

ராக் பக்கம் லட்விக் என்றால் ஜாஸ் பக்கம் கிரெட்ச். மேக்ஸ் ரோச், எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் எல்லோரும் அதைத்தான் வாசித்தார்கள். 1960-ல் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் கம்பெனியே 'கிரெட்ச் டிரம் நைட்' நடத்தி, ஆர்ட் பிளேக்கி உட்பட 4 டிரம்மர்களை ஒரே மேடையில் ஏற்றியது. அதை ரெக்கார்டாகவும் வெளியிட்டார்கள்.

சத்தம் உண்மையிலேயே வேறா?

ஆமாம், வேறுதான். ஏன் என்று புரிந்துகொள்ள நம் ஊர் மிருதங்கத்திலிருந்து ஆரம்பிப்பது சுலபம்.

தம்புராவிலோ வீணையிலோ ஒரு கம்பியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து வரும். முழு எண்கள் என்பதால் காதுக்கு 'ஒரே ஸ்வரம்' என்று கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் அப்படி நடந்துகொள்ளாது. அதன் அதிர்வுகள் சுமார் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கணக்குக்கு வராத எண்களில் எழும்பும். அதனால்தான் டிரம்மை அடித்தால் 'ஸ' என்றோ 'ப' என்றோ சொல்ல முடியாமல் ஒரு 'டும்' கேட்கிறது.

மிருதங்கம், தபலாவின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் இந்தக் கோளாறைச் சரிசெய்கிறது என்று சி.வி.ராமன் காட்டினார். சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழிலும், பிறகு 1934-ல் விரிவாகவும் எழுதினார். அந்தக் கூடுதல் எடை, தாறுமாறான மேல் அதிர்வுகளை முழு எண் மடங்குகளுக்குப் பக்கத்தில் இழுத்து வருகிறது. நம் முன்னோர்கள் கணக்குப் போடாமல் காதால் கண்டுபிடித்ததை ராமன் கணக்கில் எழுதினார்.

மேற்கத்திய டிரம்மில் அந்தக் கறுப்பு வட்டம் இல்லை. எனவே அதைச் செய்கிறவருக்கு மிச்சம் இருப்பது ஒரே வழி: தாறுமாறான மேல் அதிர்வுகளில் எதை, எவ்வளவு சீக்கிரம் அடக்குவது என்று பார்ப்பது. பழைய டிரம்மும் புது டிரம்மும் பிரியும் இடம் இதுதான்.

முதலில் விளிம்பு. டிரம்மின் மர உடலை ஷெல் என்பார்கள். அதன் மேல் ஹெட் உட்காரும் ஓரம்தான் 'பேரிங் எட்ஜ்'. உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் மெல்லிய விளிம்பையும், பாட்டி காலத்து வெண்கலப் பானையின் தடித்து உருண்ட விளிம்பையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய டிரம்கள் பெரும்பாலும் டம்ளர் கட்சி. 45 டிகிரியில் கூர்மையாகச் சீவியிருப்பார்கள். ஹெட் மரத்தை மிகக் குறைவாகவே தொடும், அதனால் எல்லா அதிர்வும் நீண்ட நேரம் நிற்கும், சத்தம் பளீரென்று இருக்கும். அறுபதுகளின் லட்விக், ஸ்லிங்கர்லேண்ட் எல்லாம் பானைக் கட்சி. உருண்ட விளிம்பில் ஹெட் அகலமாக உட்காருவதால் மேல் அதிர்வுகளை மரம் சீக்கிரம் விழுங்கிவிடுகிறது. கீழே இருக்கும் கனமான 'டும்' மட்டும் கேட்டு, சட்டென்று அடங்குகிறது. கிரெட்ச் இரண்டுக்கும் நடுவில், 30 டிகிரி.

அடுத்தது ஷெல். அறுபதுகளின் லட்விக் ஷெல்லில் மேப்பிள், பாப்லர், மகோகனி மரங்களைக் கலந்து வெறும் 3 அடுக்குதான் இருக்கும். இதில் பாப்லர் ஒன்றும் ராஜ மரம் இல்லை. மலிவான, மென்மையான மரம். அவ்வளவு மெல்லிய வளையம் கோணாமல் நிற்பதற்காக மேலும் கீழும் உட்புறமாக ஒரு பட்டை ஒட்டினார்கள். அதற்கு 'ரீ-ரிங்' என்று பெயர். மெல்லிய ஷெல் அடியோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்துகொடுக்கும். சத்தம் கீழே இறங்கும். எழுபதுகளில் ராக் கச்சேரி ஸ்டேடியத்துக்குள் போனதும், ஆம்ப்ளிஃபையரோடு போட்டி போட இது போதவில்லை. லட்விக்கும் 1970-களின் நடுவில் 6 அடுக்குக்கு மாறியது.

மூன்றாவது அளவு. ரிங்கோவின் பேஸ் டிரம் 20 இன்ச், டாம்கள் 12-ம் 14-ம். டோனி வில்லியம்ஸ் வாசித்த பேஸ் டிரம் 18 இன்ச்தான். சின்ன டிரம், உருண்ட விளிம்பு, மெல்லிய ஷெல், ஒற்றை அடுக்கு ஹெட். எல்லாம் சேர்ந்தால், கனமாக ஆரம்பித்து இடத்தைக் காலி செய்துவிடும் ஒரு சத்தம் கிடைக்கும். டிரம்மர்கள் இதைத்தான் 'வார்ம்' என்கிறார்கள். பாடகர் குரலுக்கும் பேஸ் கிட்டாருக்கும் இடம் விட்டுக்கொடுக்கும் சத்தம் என்பதால் ரெக்கார்டிங் இன்ஜினியர்களுக்கும் இது பிடிக்கும். வாசிக்கிறவருக்கு இன்னொரு லாபம் உண்டு. மெதுவாக அடித்தாலே டிரம் பேசும். வெளுத்து வாங்க வேண்டியதில்லை.

மரம் வயதானால் இனிக்குமா?

பழைய டிரம் விற்கிறவர் முதலில் சொல்வது இதைத்தான்: "மரம் 60 வருஷம் காய்ஞ்சிருக்கு சார், அந்த டோன் புதுசுல வராது." கேட்க நன்றாக இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டையை நன்றாக உலரவிட்டுத்தான் கடைகிறார்கள் என்பது தெரிந்த நமக்கு நம்பவும் தோன்றும்.

எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்த ஸ்லிங்கர்லேண்ட் 'ரேடியோ கிங்' ஸ்னேர் போன்றவற்றில் மரத்தின் பங்கைப் பற்றிப் பேசலாம். ஆனால் 3 அடுக்கு மரம், நடுவில் பசை, உள்ளே பெயின்ட், வெளியே பிளாஸ்டிக் உறை, மேலே போன மாதம் வாங்கிய ஹெட். இதில் மரத்தின் வயதை மட்டும் எந்தக் காது பிரித்துக் கேட்கும்?

இன்னொரு உதாரணம் இதைவிட நேரடியானது. உலகத்திலேயே அதிகம் ரெக்கார்ட் செய்யப்பட்ட ஸ்னேர் என்று டிரம்மர்கள் சொல்வது லட்விக்கின் 'சுப்ராஃபோனிக் எல்எம்400'. 1963 வாக்கிலிருந்து அதன் உடல் அலுமினியம், மேலே குரோம் பூச்சு. லெட் ஸெப்பலின் குழுவின் ஜான் பான்ஹம் வாசித்தது அதன் ஆழமான அண்ணன், எல்எம்402. அலுமினியம் காய்ந்து இனிப்பதில்லை. குரோம்தான் பொத்தல் பொத்தலாக உரியும். ஆனாலும் பழைய சுப்ராஃபோனிக் மேல் இருக்கும் ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆக, காரணம் வயது இல்லை, டிசைன்.

வயலின் உலகம் இதைக் கண்ணைக் கட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் க்ளோடியா ஃப்ரிட்ஸ் குழு 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம் 6 வயலின்களைக் கொடுத்தது. 3 புதியவை, 3 பழைய இத்தாலியப் பொக்கிஷங்கள், அதில் 2 ஸ்ட்ராடிவேரியஸ். எது எது என்று பார்க்க முடியாதபடி வாசித்தபோது, பெரும்பாலானவர்களால் பழையதையும் புதியதையும் பிரிக்க முடியவில்லை. அதிகம் பேருக்குப் பிடித்ததும் ஒரு புது வயலின்தான். பாரீஸில் உலகத் தரக் கலைஞர்கள் 10 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியான அடுத்த சோதனையும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. டிரம்மும் வயலினும் ஒன்றில்லை. ஆனால் 'பழசு' என்று தெரிந்ததும் காது எவ்வளவு தாராளமாகிவிடுகிறது என்பதற்கு இது போதும்.

டேட்டாவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். "அந்தக் காலத்து மிக்ஸி இன்னும் ஓடுதுப்பா, அந்தக் காலத்துப் பொருளே தனி" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? ஓடாத மிக்ஸி எல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிரம்மிலும் அதேதான். கோணிய ஷெல், மோசமான விளிம்பு, ஆடும் ஸ்டாண்ட் உள்ளவை குப்பைக்குப் போயின. நன்றாக இருந்ததை யாரோ பாதுகாத்தார்கள். இன்று நாம் பார்ப்பது 1964-ன் சராசரி டிரம் இல்லை. 60 வருட வடிகட்டலில் தப்பித்தது.

நீங்கள் கேட்பது டிரம்மையா, மாடிப்படியையா?

லெட் ஸெப்பலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டாலும் அதன் டிரம்ஸ் எத்தனையோ ஹிப்-ஹாப் பாட்டு வழியாக உங்கள் காதுக்குள் வந்திருக்கும். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் பதிவானது, 1971-ல் வெளியானது. பான்ஹமின் லட்விக் செட்டை உயரமான முன்கூடத்தில் வைத்தார்கள். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து 2 மைக்கைத் தொங்கவிட்டார். எக்கோ மெஷின் ஒன்று, கம்ப்ரஷன் கொஞ்சம். அவ்வளவுதான். அந்தப் பிரம்மாண்டம் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டின் குரல்.

வேடிக்கை என்னவென்றால், அந்த செட் அப்போது புதுசு. 'வின்டேஜ் சத்தம்' என்று இன்று நாம் கொண்டாடும் பதிவுகளில் பெரும்பாலானவை அன்றைக்குப் புதிதாக வாங்கிய டிரம்மில் வாசித்தவை. 60 வருடம் காய்வதற்கு அவற்றுக்கு நேரமே இருக்கவில்லை!

பீட்டில்ஸ் கதையும் இப்படித்தான். 1966-ல் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு வேலை செய்தபோது இன்ஜினியர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஸ்டுடியோ விதி அனுமதித்ததைவிட மைக்கை மிக நெருக்கமாகக் கொண்டுபோனார். பிற்காலப் பதிவுகளில் ரிங்கோ டாம்களின் மேல் டீ டவல் போட்டு வாசித்தார். 'ரிங்கோ சத்தம்' என்று விற்கப்படுவதில் ஒரு பகுதி ஸ்வெட்டர், ஒரு பகுதி துண்டு.

நம் காதை வளர்த்தவர்கள்

1980-களில் இந்தச் சத்தம் கிட்டத்தட்ட செத்துப் போயிற்று. ரோலண்ட் டிஆர்-808, லின் எல்எம்-1 இரண்டு டிரம் மெஷினும் 1980-ல் வந்தன. மேடையில் ராட்சத டாம்கள். பழைய செட்டை வைத்திருந்தவர்கள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதைக் காப்பாற்றியது ஒரு வகையில் ஹிப்-ஹாப். பழைய ரெக்கார்டிலிருந்து டிரம்ஸ் மட்டும் வரும் சில விநாடிகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் பாடினார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 1969-ம் வருட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த 4 பார் சுமார் 7 விநாடிகூட வராது. அதை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். லண்டனின் 'ஜங்கிள்', 'டிரம் அண்ட் பேஸ்' என்ற இசை வகைகளே அதன் மேல்தான் எழுந்தன. அதே 1969-ல் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டுக்கு க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்ததும் அப்படியே பரவியது.

டிரம்மை விதவிதமாகப் பாராட்டும் இந்த உலகம் டிரம்மருக்கு என்ன கொடுத்தது? கோல்மனுக்கு அந்த 7 விநாடிக்காக ஒரு காசும் வரவில்லை. 2006-ல் வீடில்லாதவராக இறந்தார். பாட்டின் உரிமை வைத்திருந்த, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸருக்கும் பல்லாண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. 2015-ல் ரசிகர்கள் ஆன்லைனில் வசூலித்து சுமார் 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பாட்டின் எழுத்துரிமையில் பங்கு இல்லை, எனவே சாம்பிள் பணமும் இல்லை. புற்றுநோய் வந்தபோது அவருடைய மருத்துவமனைக் கடனைக் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் மெட்டும் வரியும் 'பாட்டு'. டிரம் வாசிப்பு பெரும்பாலும் கூலி வேலை. அவர்கள் வாசித்த சத்தத்தைத்தான் இன்று சாம்பிள் பேக் என்று மாதச் சந்தா போட்டு விற்கிறார்கள். அடுத்த தடவை 'வின்டேஜ் பிரேக்' என்ற ஃபைலை இழுத்துப் போடும்போது, அது ஒருவருடைய மணிக்கட்டு என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த ரெக்கார்டுகளில் வளர்ந்த டிரம்மர்கள்தான் பிறகு கடை கடையாக ஏறி அந்தச் சத்தத்தைத் தேடினார்கள். 'தி ரூட்ஸ்' குழுவின் க்வெஸ்ட்லவ் பெயரில் லட்விக் 2013-ல் 'பிரேக்பீட்ஸ்' என்று 16 இன்ச் பேஸ் டிரம்மோடு ஒரு குட்டி செட்டை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் பல பத்தாண்டுகள் 1957-ம் வருட கிரெட்ச் செட்டையே வாசித்தார். பழைய செட்டுகளைச் சேகரித்தும் வைத்தார். கார் ஓட்டத் தெரியாமலேயே பழைய கார்களையும் சேகரித்த மனிதர், எனவே சத்தம்தான் காரணம் என்று அவரை வைத்து வாதாட முடியாது!

கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. லட்விக் 'லெகசி மேப்பிள்' என்று மறுபடி 3 அடுக்கு, ரீ-ரிங் ஷெல் செய்கிறது. கிரெட்ச் 'பிராட்காஸ்டர்' பெயரைத் தூசி தட்டியது. யமஹா நிறுத்தியிருந்த 'ரெக்கார்டிங் கஸ்டம்' 2016-ல் திரும்பி வந்தது. ஸ்லிங்கர்லேண்ட் பெயரை 2019-ல் டிடபிள்யூ வாங்கியது. 2022-ல் டிடபிள்யூவையே ரோலண்ட் வாங்கிவிட்டது. 808 செய்த அதே ரோலண்ட்தான்.

சரி, நீங்கள் ஒன்று வாங்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பழைய பொருள் இறக்குமதிக்குத் தனி விதிகள் உண்டு என்பதால் பணம் அனுப்பும் முன்பே கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஷிப்பிங் செலவு செட்டின் விலையைத் தொட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அதைவிட, உள்ளூரில் பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், சர்ச்சுகள், கிளப்புகளில் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

கையில் டிரம் வந்ததும் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் கிளம்பி வந்துவிடலாம். வெறும் ஷெல்லைச் சமையல் மேடை கிரானைட் மேல் கவிழ்த்து, லைட்டை அணைத்து, உள்ளே மொபைல் டார்ச்சை வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் விளிம்பு சீரில்லை. டேப்பால் குறுக்காக 4 திசையில் விட்டத்தை அளந்தால் வட்டமா முட்டையா என்று தெரியும். கூடுதலாகப் போட்ட ஓட்டைகள் விலையைக் குறைக்கும். சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. வாசிக்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் ஓட்டை போட்ட செட்தான் லாபம். விளிம்பைப் 'புதுசா சீவித் தரேன்' என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த உருண்ட விளிம்புக்குத்தான்.

வருடத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரு விளையாட்டு. லட்விக் பேட்ஜில் சீரியல் எண் வர ஆரம்பித்தது 1963-ன் கடைசியில். ஆனால் பேட்ஜ்களை வரிசைப்படி ஒட்டவில்லை. கையில் வந்ததை எடுத்து அடித்திருக்கிறார்கள். பல ஷெல்களுக்குள் தேதி முத்திரை இருக்கும். கலெக்டர்கள், எண்ணும் தேதியும் இரண்டும் உள்ள டிரம்களைப் பட்டியலிட்டு, எந்த எண் எந்தக் காலம் என்று தோராயமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனி வைக்காத கணக்கை ரசிகர்கள் போட்ட அழகான டேட்டா வேலை அது. எண்ணை மட்டும் காட்டி "1964-தான், கேரண்டி" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு சோதனை. உங்களிடமோ நண்பரிடமோ இருக்கும் சாதாரண செட்டுக்கு 'கோட்டட்' என்று வரும், சொரசொரப்பான ஒற்றை அடுக்கு ஹெட்டை மாட்டுங்கள். டாம்களைக் கொஞ்சம் தளர்வாக டியூன் செய்யுங்கள். ஸ்னேர் மேல் ஒரு மெல்லிய துண்டைப் பாதி மூடுகிற மாதிரி போடுங்கள். தலைக்கு மேலே ஒரே ஒரு மைக், இல்லையென்றால் போனே போதும். ரெக்கார்ட் செய்து மறுநாள் காலையில் கேளுங்கள்.